தைராய்டு ரிப்போர்ட்டைக் காட்டிப் பவுடர் விற்கிறார்கள், உஷார்

மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் இருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு லேப்பில் என் அக்காவுக்கு நடந்தது இது.

அசதி, முடி கொட்டுகிறது என்று ரத்தப் பரிசோதனைக்குப் போனாள். டி.எஸ்.எச் (தைராய்டை வேலை செய்யத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு மந்தமானால் இது ஏறும்) 6.2 என்று வந்தது, பக்கத்திலேயே அளவு அதிகம் என்று காட்டத் தடித்த எழுத்தில் ஒரு 'எச்'. அடுத்த வரியில் ஃப்ரீ டி4, அதாவது தைராய்டே சுரக்கும் ஹார்மோன், நார்மல். அந்த வரியைப் பற்றிக் கவுண்டரில் இருந்தவர் வாயே திறக்கவில்லை. "தைராய்டு வந்துடுச்சும்மா, விட்டா ஆயுசுக்கும் மாத்திரைதான். இந்தப் பவுடரைச் சாப்பிடுங்க, அடுத்த மாசம் நாங்களே டெஸ்ட் எடுத்துக் காட்டுறோம்" என்று 3,800 ரூபாய் டப்பாவைத் தலையில் கட்டிவிட்டார். பில் கிடையாது.

அடுத்த டெஸ்ட்டில் டி.எஸ்.எச் 0.2. "பாத்தீங்களா, இறங்கிடுச்சு!" என்று இன்னொரு டப்பா. ஃப்ரீ டி4 ஏறியிருந்தது, அதற்கும் பேச்சில்லை. அசதி மட்டும் போகவேயில்லை.

தஞ்சாவூர் டாக்டர் ரிப்போர்ட்டைவிட டப்பாவைத்தான் அதிக நேரம் பார்த்தார். பின்பக்கம் பொடி எழுத்தில் பயோட்டின் 10 மில்லிகிராம். முடிக்கான மாத்திரைகளில் சேர்க்கிற வைட்டமின் அது. உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 30, 40 மைக்ரோகிராம்தான். பல லேப் மெஷின்கள் ஹார்மோனை அளக்கவே பயோட்டினைப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் அது எக்கச்சக்கமாக இருந்தால் டி.எஸ்.எச் பொய்யாகக் குறையும், டி4 பொய்யாகக் கூடும். பவுடரை நிறுத்திவிட்டு எடுத்ததில் டி.எஸ்.எச் மறுபடி 6-க்கு மேல்.

வயிறு எரிகிறது. அந்த 0.2-ஐ நம்பி, தைராய்டு ஹார்மோன் அதிகமாகிவிட்டது என்று யாராவது ஒழுங்காகச் சாப்பிட்டு வந்த தைராய்டு மாத்திரையை நிறுத்தியிருந்தால்?

டி.எஸ்.எச் 10-க்குக் கீழே, ஃப்ரீ டி4 நார்மல் என்றால் பதற வேண்டாம், இரண்டு மூன்று மாதத்தில் திரும்ப எடுத்து, ஆன்டிபாடியும் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குகிறதா என்று காட்டும் டெஸ்ட்) பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார் டாக்டர். கடுமையான காய்ச்சலில் கிடந்து எழுந்தாலும் அளவு கொஞ்சம் ஏறுமாம். கர்ப்பிணிகளுக்குக் கணக்கே வேறு, அவர்கள் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். பயோட்டின் உள்ள முடி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டெஸ்ட்டுக்கு இரண்டு நாளாவது முன்னால் நிறுத்துங்கள். டோஸ் அதிகமென்றால் இன்னும் முன்னாலேயே.

லேப்பில் போய்க் கேட்டால் "பவுடர் எங்களது இல்லை" என்கிறார்கள். ஜிபேயில் பணம் போனதோ லேப் பெயருக்கே. அந்த ஸ்கிரீன்ஷாட்டோடு நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறோம். உங்களிடமும் இப்படி விற்றிருந்தால் ரிப்போர்ட், டப்பா, பணம் கட்டிய ஆதாரம் எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.