கோழிக் கால் செதில் பூச்சி: எண்ணெயா, களிம்பா, ஐவர்மெக்டினா?

கோழியின் கால் செதில்கள் படியாமல் தூக்கிக்கொண்டு நின்றால், இடுக்குகளில் சுண்ணாம்புப் பொடி அப்பியது மாதிரி வெள்ளை படிந்திருந்தால், அது வயசான கால் என்று விட்டுவிடாதீர்கள். செதிலுக்கு அடியில் தோலைக் குடைந்துகொண்டு கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சி குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறது. நெமிடோகாப்டஸ் மியூட்டன்ஸ் என்பது அதன் பெயர். மனிதருக்குச் சொறி சிரங்கு உண்டாக்கும் பூச்சியின் உறவுக்காரன்தான், ஆனால் நம்மேல் தொற்றாது. பிறப்பு முதல் சாவு வரை கோழியின் காலை விட்டு அது நகருவதில்லை. இரவில் ரத்தம் குடித்துவிட்டுப் பகலில் கூண்டின் விரிசலுக்குள் ஒளியும் சிவப்புச் செள் வேறு, இது வேறு. செள்ளுக்குக் கூண்டைக் கவனிப்பதுதான் முக்கால்வாசி வேலை. இதற்கு முக்கால்வாசி வேலை கோழியின் காலில்.

இதற்கு ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்கிறார்கள். வீட்டில் பத்துப் பதினைந்து நாட்டுக்கோழி வளர்ப்பவருக்கு எது சரிப்படும் என்று பார்ப்போம்.

என் முதல் ஓட்டு எண்ணெய்க்கு. இந்தப் பூச்சிக்கு மூச்சுக்குழாய் கிடையாது, உடம்பின் மேல்தோல் வழியாகத்தான் சுவாசிக்கிறது. எண்ணெய் போய் மூடிக்கொண்டால் மூச்சு முட்டிச் செத்துவிடும். தேங்காய் எண்ணெயும் இந்த வேலையைச் செய்யும், ஆனால் எறும்பு மொய்க்கும். வேப்பெண்ணெய்க்கு அந்தத் தொல்லை இல்லை, பூச்சியை விரட்டும் குணமும் தனியாக உண்டு. வெடித்துப் புண்ணான காலில் வெறும் வேப்பெண்ணெய் எரியும் என்பதால் நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ பாதிக்குப் பாதி கலந்து, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் சேர்த்துக்கொள்ளலாம்.

தடவுகிற விதத்தில்தான் பலருக்கு வைத்தியம் தோற்கிறது. காய்ந்த பொருக்கின் மேல் எண்ணெயைப் பூசினால் அது மேலோடு வழிந்து போய்விடும், பூச்சி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேராது. முதலில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் காலைப் பத்து நிமிடம் ஊறவைக்க வேண்டும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக, செதில் படுக்கும் திசையிலேயே, மெதுவாகத் தேய்த்தால் தளர்ந்த பொருக்கு தானாக வரும். வராததை நகத்தால் பெயர்க்கக் கூடாது. ரத்தம் வரும், புண் சீழ் வைக்கும். ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, விரல் இடுக்கு, பாதத்தின் அடி, குதிமுள் ஓரம் எல்லாம் எண்ணெய் இறங்கும்படி நீவிவிட வேண்டும். கோழிகள் அடைந்த பிறகு இருட்டில் இதைச் செய்தால் துரத்திப் பிடிக்கும் வேலை மிச்சம்.

ஒரு நாள் தடவியதோடு நிறுத்தினால் பயனில்லை. குஞ்சுப் பூச்சி வளர்ந்த பூச்சியாக இரண்டு மூன்று வாரம் ஆகிறது. இன்று பெரியவை செத்தாலும் தோலுக்குள் தப்பிய குஞ்சுகள் வளர்ந்து அடுத்த கூட்டம் கிளம்பும். அதனால் முதல் வாரம் தினமும், பிறகு மூன்று நாளைக்கு ஒரு முறை, குறைந்தது நான்கு வாரம் தடவ வேண்டும். எண்ணெய் வைத்தியத்தின் பெரிய பலவீனம் இந்த உழைப்புதான்.

வாஸ்லினும் அதே வழியில்தான் வேலை செய்கிறது. வழியாமல் அப்பிக்கொண்டு நிற்பதால் தடவல்களுக்கு நடுவே இடைவெளி கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. ஆனால் மண்ணைக் கிளறித் திரியும் கோழிக்கு அரை மணி நேரத்தில் காலெல்லாம் புழுதி ஒட்டிக்கொள்ளும். கூண்டிலேயே இருக்கும் கோழிக்கு அது நல்லது, மேய்கிற கோழிக்கு எண்ணெய் மேல். கந்தகக் களிம்பு இரண்டையும்விட ஒரு படி வேகமானது, பூச்சிக்கு நேரடியாகவே நஞ்சு. பொருக்கு தடித்துப்போன ஓரிரு கோழிக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஐவர்மெக்டின் என்னும் ஒட்டுண்ணிக் கொல்லி மருந்துக்கு வருவோம். உள்ளே போய் ரத்தத்தின் வழியாகப் பூச்சியைக் கொல்வதால், எண்ணெய் எட்டாத ஆழத்துக்கும் இது எட்டும். வேகத்திலும் சுலபத்திலும் இதை மிஞ்ச ஆளில்லை. பயமெல்லாம் அளவில்தான். வழக்கமான அளவு ஒரு கிலோ எடைக்கு 0.2 மில்லிகிராம். மாடு ஆட்டுக்கு விற்கும் 1 சதவீத ஊசி மருந்தில் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கிறது. ஒன்றரைக் கிலோ பெட்டைக்கு வேண்டியது 0.03 மில்லி, ஒரு மில்லிக்கு 100 யூனிட் குறித்த (U-100) இன்சுலின் சிரிஞ்சில் மூன்றே மூன்று யூனிட். சாதாரண சிரிஞ்சில் கண்ணளவாக இழுத்தால் பத்து மடங்கு கூடப் போய்விடும், கோழி தள்ளாடி விழும். முட்டையிலும் இந்த மருந்து இறங்குகிறது. முட்டைக்கோழிக்கு இதைப் பல நாடுகள் அனுமதிக்கவே இல்லை. குழந்தைகள் முட்டை சாப்பிடும் வீட்டில், கால்நடை மருத்துவரிடம் அளவையும் எத்தனை நாள் முட்டையைத் தவிர்க்க வேண்டும் என்பதையும் கேட்காமல் தொடக் கூடாது. இதற்கும் இரண்டு வாரம் கழித்து இரண்டாம் தவணை உண்டு.

மாட்டு உண்ணிக்கு அடிக்கும் டெல்டாமெத்ரின் கரைசலில் காலை முக்குபவர்களும் உண்டு. இறகுப் பேனுக்கு அது கேட்கும், செதிலுக்கு அடியில் குடைந்திருக்கும் பூச்சியைச் சரியாக எட்டாது.

மண்ணெண்ணெய், டீசல், வண்டியின் கழிவு ஆயில் மூன்றையும் அறவே ஒதுக்குங்கள். பூச்சி சாகத்தான் செய்யும், அதனால்தான் பழைய கோழி வளர்ப்புக் குறிப்புகளில்கூட மண்ணெண்ணெய் இடம்பெற்றது. ஆனால் ஏற்கெனவே புண்ணான தோலை அது பொசுக்குகிறது. கோழி அலகால் காலைக் கோதும்போது கழிவு ஆயிலில் உள்ள உலோகக் கசடு நேரே வயிற்றுக்குள் போகிறது. ஒரு கரண்டி வேப்பெண்ணெய் செய்கிற வேலைக்கு இந்தக் கொடுமை வேண்டவே வேண்டாம்.

அடைக்கோழி விஷயத்தில் மட்டும் எண்ணெயும் ஆபத்து. எண்ணெய்க் கால் முட்டையில் பட்டால் ஓட்டின் நுண்துளைகள் அடைபட்டு உள்ளே கரு மூச்சுத்திணறிச் செத்துவிடும். அடை வைப்பதற்கு முன்பே காலைப் பார்த்து வைத்தியத்தை முடித்துவிடுங்கள். தாயின் கால் பூச்சியோடு இருந்தால் குஞ்சுகளுக்கும் அங்கேயே தொற்றும்.

எந்த மருந்தானாலும் ஒரு கோழிக்கு மட்டும் போடாதீர்கள். ஒரே கம்பில் அடைகிற எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போடுங்கள், அந்தக் கம்பையும் கொதிநீர் ஊற்றித் தேய்த்து வெயிலில் காயவைத்து எண்ணெய் பூசுங்கள். நான்கு வாரம் கழித்தும் கால் அசிங்கமாகத்தான் தெரியும், அதனால் மருந்தை மாற்ற வேண்டியதில்லை. புதிய செதில் வளர்ந்து பழையது உதிர மாதக்கணக்கு ஆகும். நொண்டல் நின்றதா, புதிதாக வெள்ளைப் பொடி கட்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள். நொண்டல் கூடினாலோ விரல் வீங்கிக் கோணினாலோ எண்ணெயோடு நிற்காமல் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப் போங்கள், அந்தக் கட்டத்தில் ஐவர்மெக்டின்தான் கைகொடுக்கும். சந்தையில் புதுச் சேவல் வாங்கும்போதும் கொண்டையை மட்டும் பார்க்காமல் காலைத் தூக்கிப் பாருங்கள். வாங்கி வந்ததை மூன்று நான்கு வாரம் தனிப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்த பிறகே மற்றவற்றோடு விட வேண்டும்.