பயிர் சேத நிவாரணம்: பட்டுவாடா சரி, கணக்கெடுப்பில்தான் கோளாறு

வடகிழக்குப் பருவமழையில் வயல் மூழ்கினால் தமிழக அரசு தரும் நிவாரணத்தை ஒரு சேவையாகப் பார்த்தால், பணத்தை நேராக வங்கிக் கணக்கில் போடும் பகுதியில் பெரிதாகக் குறை சொல்ல எதுவும் இல்லை. கோளாறெல்லாம் அதற்கு முந்தைய கட்டத்தில்.

முதலில் தொகை. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் 2022-26 விதிமுறைப்படி, 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமானால் ஹெக்டேருக்கு இறவைப் (பாசன) பயிருக்கு ரூ.17,000, மழையை நம்பிய மானாவாரிக்கு ரூ.8,500, பல்லாண்டுப் பயிருக்கு ரூ.22,500. உச்சவரம்பு 2 ஹெக்டேர். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்கு அறிவித்ததும் இதே விகிதம்தான். ஏக்கர் கணக்கில் நெல்லுக்கு ஏறத்தாழ ரூ.6,900 வரும். விதை, உரம், நடவுக் கூலியில் ஒரு பங்கைத்தான் இது ஈடுகட்டும். பறிபோன மகசூலுக்கு இதில் இடமே இல்லை. அரசு மனம் வைத்தால் கூட்டித் தரவும் முடியும்: 2023 பிப்ரவரியில் டெல்டாவில் அறுவடைக்கு நின்ற நெல் சாய்ந்தபோது ஹெக்டேருக்கு ரூ.20,000 அறிவித்தார்கள்.

கணக்கெடுப்புக்கு வருபவர்கள் விஏஓவும் உதவி வேளாண்மை அலுவலரும். வாழை, காய்கறி என்றால் தோட்டக்கலைத் துறை. சேத சதவீதத்தைப் பெரும்பாலும் கண்ணால் பார்த்தே போடுகிறார்கள் என்பதால் எந்த நாளில் வருகிறார்கள் என்பது முக்கியம். தண்ணீர் வடிந்த கையோடு பார்த்தால் இளம் சம்பா பச்சையாகத்தான் தெரியும். தூர் அழுகியது நாலைந்து நாள் கழித்தே வெளிப்படும். அப்போது ஒரு குத்தைப் பிடுங்கி வேரைக் காட்ட வேண்டும். கதிர் முற்றிய பயிரானால் தண்ணீரில் படுத்த கதிரை உருவி, முளைவிட்ட மணியைக் காட்டுங்கள். தேதியும் இடமும் பதியும் கேமராவில், மூழ்கிய அன்றே வயலைப் படம் எடுத்து வைப்பது நல்லது.

அடுத்தது அடங்கல், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று விஏஓ எழுதும் பதிவேடு. வயலில் நிற்கும் பயிர் அதில் ஏறியிருக்காவிட்டால் பட்டியலில் பெயர் வருவது கடினம். நெல் தரிசில் (நெல்லை அடுத்து அதே வயலில்) தெளித்த உளுந்து இப்படித்தான் அடிக்கடி விடுபடுகிறது. அடங்கலில் இன்னும் நெல்லே நிற்கும். சாகுபடி தொடங்கியதுமே பதிவைச் சரிபார்த்துவிட வேண்டும். மழை வந்தபின் ஓடிப் பயனில்லை.

சிட்டா (நில உடைமை விவரச் சான்று), அடங்கல், ஆதார், பாஸ்புக் நகல்கள் போதும். இறந்த அப்பா பெயரிலேயே கிடக்கும் பட்டா, பாகம் பிரிக்காத கூட்டுப் பட்டா, வங்கி இணைப்பால் மாறிப்போன ஐஎஃப்எஸ்சி எண், கேஒய்சி முடியாமல் முடங்கிய கணக்கு, இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் பணம் நின்றுவிடும். குத்தகைக்காரர் பாடு இன்னும் திண்டாட்டம். உழுதவர் அவர், பட்டா வேறொருவர் பெயரில். சாகுபடி செய்பவர் இன்னார் என்று விஏஓவிடம் சான்று வாங்கிக் கணக்கெடுப்பின்போதே கொடுக்காவிட்டால் பணம் நில உடைமையாளர் கணக்குக்குப் போய்விடும் ஆபத்து உண்டு. இந்தச் சேவையின் ஆகப்பெரிய ஓட்டை இதுதான்.

பயிர்க் காப்பீட்டை இதோடு குழப்ப வேண்டாம். அது பிரீமியம் கட்டியவருக்கு மட்டும். இழப்பீடு பெரும்பாலும் பயிர் அறுவடைப் பரிசோதனையின் (மாதிரி வயல்களில் அறுத்து மகசூலை அளப்பது) சராசரியை வைத்து வரும்.

பலரும் கேட்காமல் விடும் இனம் ஒன்றும் உண்டு. வெள்ளம் 3 அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ கொண்டுவந்து மூடிய நிலத்தைச் சீராக்க, சிறு, குறு விவசாயிகளுக்கு ஹெக்டேருக்கு ரூ.18,000 இதே விதிமுறையில் இருக்கிறது. மனு கொடுக்கும்போது மணலில் அளவுகோலைச் செருகி எடுத்த படத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.