நெரோலியா, ஆரஞ்சுப்பூ ஆப்சல்யூட்டா?

சிட்ரஸும் பூவும் சேர்ந்த பெர்ஃப்யூம் ஒண்ணு நானே கலக்கணும்னு உட்கார்ந்தப்போ முதல்ல எழும்பற மேல் வாசனைக்கு பெர்கமோட்னு (ஒரு வகை சிட்ரஸ் பழத்தோட தோல் எண்ணெய்) உடனே முடிவாயிடுச்சு, அது அடங்கினதும் வர்ற நடு வாசனையில பூவுக்கு நெரோலி போடறதா ஆரஞ்சுப்பூ ஆப்சல்யூட் போடறதாங்கறதுலதான் மூணு வாரம் ஓடிடுச்சு. கடைசியில ஆப்சல்யூட் பக்கம் போயிட்டேன்.

ரெண்டுமே கசப்பு ஆரஞ்சு மரத்துப் பூதான். நீராவியில வடிச்சா நெரோலி, ஹெக்சேன் மாதிரி கரைப்பான்ல எடுத்து அப்புறம் ஆல்கஹால்ல பிரிச்சா ஆப்சல்யூட். நெரோலி பச்சையா, பளிச்சுனு, இப்பதான் குளிச்சு வந்த மாதிரி இருக்கும். ஒரு கிலோ நெரோலிக்கு கிட்டத்தட்ட ஒரு டன் பூ வேணும், ஆப்சல்யூட்டும் விலை கம்மி இல்ல, அதனால விலைய வச்சு முடிவு பண்ண முடியாது.

எனக்கு முடிவ கொடுத்தது எவ்வளவு நேரம் நிக்குதுங்கறதுதான். சிட்ரஸ் தோல் எண்ணெய்ல இருக்கற லிமோனீன் ரொம்ப லேசு, சீக்கிரமே பறந்துடும். நெரோலியிலயும் லினலூல், லிமோனீன்னு லேசானதுங்கதான் நிறைய, அதனால பெர்கமோட் கிளம்பும்போது இதுவும் கூடவே கிளம்பிடுது, அப்புறம் கடைசி வரைக்கும் நிக்க அடி வாசனையா போட்ட மஸ்க் (கஸ்தூரி மணம்) மட்டும் தனியா நிக்கும். ஆப்சல்யூட்ல இண்டோல், மெத்தில் ஆந்த்ரனிலேட்னு மெதுவா பறக்கற மணப்பொருளுங்களும் இன்னும் கனமான சிலதும் இருக்கு. இண்டோல் மல்லிப்பூவுல இருக்கே அதேதான், அந்த லேசா கிறங்கடிக்கற நெடி. ஒரு மணிக்கட்டுல இது, இன்னொண்ணுல அதுன்னு தடவிப் பார்த்தேன், ஒரு மணி நேரத்துல நெரோலி பக்கம் முகர்ந்து தேட வேண்டியதாச்சு, ஆப்சல்யூட் பக்கம் சிட்ரஸ் போன இடத்துல பூ தேனா விரிஞ்சு நின்னுச்சு, சாயங்காலம் வரைக்கும். சிட்ரஸ் போக அந்த இடத்த பூ எடுத்துக்குதே, அதுக்காகத்தான் ஆப்சல்யூட்ட எடுத்தேன்.

குறை இருக்கு. நிறம் அடர்த்தி, வெள்ளைச் சட்டையில கறை விழும். ஒரு சொட்டு கூடிட்டா வாடின பூ மாதிரி கனத்துடும், ரெண்டு தடவை கலவையவே கொட்டினேன். என் தோல் எண்ணெய்ப்பசை உள்ளது, வறண்ட தோல்ல இவ்வளவு நேரம் நிக்குமான்னு நான் போட்டுப் பார்த்ததில்ல, என் பாட்டில் போட்டும் நாலு மாசம்தான் ஆகுது.

எதை எடுத்தாலும் பெர்காப்டென்ங்கற பொருள நீக்கின பெர்கமோட்டா வாங்குங்க, நீக்காதது தோல்ல இருக்கும்போது வெயில் பட்டா எரிஞ்சு கருத்துப்போகலாம். குளிச்சதும் அள்ளித் தெளிச்சுக்கிட்டு மதியம் இன்னொரு தடவை போட்டுக்க யோசிக்காதவங்கன்னா நெரோலியே போதும்.