மல்டிகோர் கேபிள் வாங்குகிறவர்களே, உரித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் எட்டு சேனல் மல்டிகோர் கேபிள் (எட்டு லைன்களை, லைனுக்கு ஒரு ஜோடிக் கம்பியாக, ஒரே உறைக்குள் கொண்டுபோவது) 30 மீட்டர் வாங்கினேன். "முழுச் செம்பு, ஒவ்வொரு ஜோடிக்கும் தனி ஷீல்டு" என்றார் கடைக்காரர் (ஷீல்டு என்பது வெளி இரைச்சல் புகாமல் கம்பிகளைச் சுற்றியிருக்கும் உலோக உறை). மேலுறையிலும் அப்படியே அச்சடித்திருந்தது. இரண்டும் பொய். கச்சேரி மேடைக்கோ சிறிய ஸ்டூடியோவுக்கோ சொந்தமாக மல்டிகோர் செய்ய நினைக்கிறவர்கள் ஏமாறக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

மேசைமேல் வைத்துக் காட்டிய மாதிரித் துண்டு அசல். சுருளிலிருந்து அளந்து வெட்டிக் கொடுத்ததோ வேறு சரக்கு. எட்டுச் சேனலுக்கு இரு முனையிலும் சேர்த்து 16 எக்ஸ்எல்ஆர் கனெக்டர்கள் (மூன்று முனையுள்ள மைக் பிளக்குகள்), 48 இடங்களில் சால்டர் வைக்க வேண்டும். பொறுமையாகச் செய்து முடித்து மூடியைத் திருகினால், ஈயம் வைத்த இடத்தை ஒட்டிக் கம்பி முறிகிறது. திரும்ப உரித்துச் செய்தால் இன்னொன்று முறிகிறது. பிளேடால் ஒரு இழையைச் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம்! (ஈயம் பூசிய நல்ல செம்புக் கம்பி இதற்கு நேர்மாறு: வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.)

அலுமினியத்தில் மின்தடை கூடுதல் என்பது மைக் லைனுக்குப் பெரிய விஷயமே இல்லை. ஆயிரம் ஓமுக்கு மேல் உள்ள மிக்சர் இன்புட்டுக்கு முன் இரண்டு மூன்று ஓம் என்ன செய்துவிடும்? நிகழ்ச்சிதோறும் சுருட்டி விரிக்கிற கேபிளில் அது முறிந்துபோகும் என்பதுதான் ஆபத்து. 48 வோல்ட் பாண்டம் பவர் (மிக்சரிலிருந்து கேபிள் வழியே மைக்குக்கு அனுப்பும் மின்சாரம்) போகிற லைனில் ஒரு கம்பி அறுந்தால் ஸ்பீக்கரில் படாரென்று வெடிச்சத்தம் கேட்கிறது, பாடகர் பாதியில் நிற்கிறார்.

ஷீல்டு இன்னும் மோசம். ஒவ்வொரு ஜோடியின் மேலும் பளபளவென்று ஒரு தாள் சுற்றியிருந்தது. மின்சாரம் பாய்ந்தால் பீப் அடிக்கும் மல்டிமீட்டரை வைத்தால் சத்தமே இல்லை. நல்ல ஃபாயிலிலும் ஒரு பக்கத்தில்தான் மின்சாரம் பாயும் என்பதால் திருப்பியும் வைத்தேன். எதுவுமில்லை, வெறும் பிளாஸ்டிக். போதாக்குறைக்கு ஜோடிகளை முறுக்கவும் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் நேராகப் படுத்திருந்தன. மேடை மானிட்டருக்கு (பாடகர் தன் குரலைக் கேட்க வைக்கும் ஸ்பீக்கர்) போகும் லைனை இதே கேபிளில் அனுப்பினால், பாட்டு மைக்கின் கெயினை ஏற்றியதும் ஊளையிடுகிறது. மைக்கைத் துணியால் மூடினாலும் நிற்கவில்லை. சத்தம் காற்றில் வரவில்லை, கேபிளுக்குள்ளேயே கசிகிறது.

திரும்பக் கொண்டுபோனபோது, "வெட்டிய கேபிளை எடுக்க மாட்டோம் சார்" என்றார்கள். பில் கேட்டதற்கு, அன்று கொடுத்த எஸ்டிமேட் சீட்டையே காட்டினார்கள். அதில் "கேபிள்" என்ற ஒரே சொல்தான். பில் தராததும், குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர் வாங்கினாலும் அவர் நுகர்வோர்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன்.

வாங்கும் முன் மாதிரித் துண்டை ஒதுக்கிவிட்டு, உங்களுக்குத் தரப்போகும் சுருளின் முனையையே உரிக்கச் சொல்லுங்கள். ஒரு ஜோடியின் இரு கம்பிகளையும் ஒரு முனையில் சேர்த்து முறுக்கி, மறுமுனையில் மின்தடையை அளங்கள். 24 கேஜ் (கம்பியின் தடிமன் அளவு) செம்பு, 30 மீட்டர் என்றால் சுமார் 5 ஓம் வரும். செம்பு பூசிய அலுமினியத்தில் 8 ஓமை நெருங்கும். மீட்டரின் சொந்த ஒயர்களின் தடையை முதலில் பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள். பில்லில் "முழுச் செம்பு, தனித்தனி ஷீல்டு" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். அந்தத் தெருவில் நல்ல சரக்கை நேர்மையாக விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.