சென்னைக்குக் காரில் போனால் வண்டியை எங்கே விடுவது: 11 ஆண்டு அனுபவம்

சென்னிமலையில் கைத்தறிப் போர்வை, பெட்ஷீட் வியாபாரம் செய்கிறேன். 2014ஆம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கு நான்கைந்து முறையாவது காரில் சென்னைக்குப் போய்வருகிறேன். டிக்கியிலும் பின் இருக்கையிலும் மாதிரித் துணிக்கட்டுகள் இருக்கும் என்பதால் ரயில் எல்லா நேரமும் எனக்குத் தோதுப்படாது. பெருந்துறை, பவானி, சங்ககிரி, சேலம், ஆத்தூர், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் என்று 400 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வந்தாலும் அந்தச் சாலை என்னைப் பெரிதாகச் சோர்வாக்கியதில்லை. பெருங்களத்தூரைத் தாண்டிய பிறகு, அதுவும் வண்டியை நிறுத்த வேண்டிய நேரத்தில்தான் சோர்வு தொடங்கும்.

முதல் சில ஆண்டுகள், வேலை தியாகராய நகரில் என்பதால் தங்குவதும் அங்கேதான் என்று முடிவு செய்திருந்தேன். விடுதிக்குப் போன் செய்து கேட்டால் கார் பார்க்கிங் உண்டு என்பார்கள். போய்ப் பார்த்தால் கட்டடத்தின் முன்னால் ஒன்றன் பின் ஒன்றாக நான்கு கார் நிற்கிற அளவுக்கு ஒரு சந்து இருக்கும். "சாவியக் குடுத்துட்டுப் போங்க சார், நாங்க எடுத்து வச்சுக்கறோம்" என்பார் வாட்ச்மேன். உள்ளே நிற்கிற வண்டி வெளியே போக வேண்டுமென்றால் மற்ற மூன்றையும் யாராவது நகர்த்தியாக வேண்டும். நம் ஊரில் வாசலில் வேப்பமர நிழலில் வண்டியை விட்டுச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிற பழக்கம் உள்ளவனுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை. 2017இல் ஒரு நாள் காலை கீழே இறங்கி வந்தபோது இடப்பக்கப் பின்கதவில் ஒரு சாண் நீளத்துக்குத் தகடு உள்வாங்கியிருந்தது. இரவுப் பணியாள் வீட்டுக்குப் போய்விட்டார். பகல் பணியாளுக்கு எதுவும் தெரியவில்லை. என் கையில் இருந்த டோக்கனில் வண்டி எண்ணும் தேதியும் மட்டும் பேனாவால் எழுதப்பட்டிருந்தன. வண்டி எந்த நிலையில் வந்தது என்பதற்கு என்னிடம் ஒரு சான்றும் இல்லை. அன்றிலிருந்து சாவியைக் கொடுக்கும் முன்பு வண்டியின் நான்கு பக்கத்தையும், கிலோமீட்டர் காட்டும் மீட்டரையும் பணியாளின் கண்முன்னாலேயே செல்போனில் படம் எடுத்துக்கொள்கிறேன். அவர்களும் அதன் பிறகு கூடுதல் கவனத்தோடுதான் வண்டியை எடுக்கிறார்கள்.

இயந்திரத் தூக்கியில் அடுக்கி நிறுத்துகிற இடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே உயரக் கட்டுப்பாடு உண்டு. நம் பக்கத்தில் பெரும்பாலோர் வைத்திருக்கிற இன்னோவா, பொலிரோ போன்ற உயரமான வண்டிகள் பல தூக்கிகளின் தட்டில் நுழைவதில்லை. இடம் இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல், வண்டியின் பெயரைச் சொல்லி அது ஏறுமா என்று கேட்க வேண்டும். தியாகராய நகரில் தணிகாசலம் சாலையில் பல அடுக்கு வாகன நிறுத்தம் வந்திருக்கிறது. பாண்டி பஜாரில் 2019இல் நடைபாதை வளாகம் அமைந்த பிறகு நடந்துபோவது எவ்வளவோ எளிதாகிவிட்டது. இரண்டு மணி நேர வேலைக்கு அந்த நிறுத்தம் நல்ல வசதிதான். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மட்டும் அந்தப் பக்கமே காரைத் திருப்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இப்போது நான்கைந்து ஆண்டுகளாக நான் கடைப்பிடிக்கிற முறை வேறு. தாம்பரத்தில், ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், திறந்த வெளியில் தனித்தனியாக வண்டி நிறுத்த இடம் உள்ள விடுதியில் தங்குகிறேன். ஊருக்குத் திரும்பும் வரை கார் அங்கேயே நிற்கும்; சாவி என்னிடமே இருக்கும். அறையைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே நிறுத்துமிடத்தைப் பற்றித்தான் விசாரிக்கிறேன். தாம்பரத்திலேயே புறப்பட்டுச் சென்னைக் கடற்கரை நிலையத்துக்குப் போகிற மின்ரயிலைப் பார்த்து ஏறினால், காலை நெரிசல் நேரத்திலும் பெரும்பாலும் உட்கார இடம் கிடைத்துவிடும். செங்கல்பட்டிலிருந்து வருகிற வண்டியில் துணிப்பையோடு ஏறினால் நின்றுகொண்டுதான் போக வேண்டும். மாம்பலத்தில் இறங்கினால், நிலையத்திலிருந்து தியாகராய நகர் பேருந்து நிலையம் வரை 2023இல் திறக்கப்பட்ட ஆகாய நடைமேம்பாலம் இருக்கிறது. ரங்கநாதன் தெருக் கூட்டத்துக்குள் தோள்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நெளிந்துபோன நாட்களை நினைத்தால், அந்தப் பாலத்தில் நடக்கும் ஒவ்வொரு முறையும் மனம் நிறைகிறது.

சவுகார்பேட்டைக்குப் போக வேண்டிய நாளில் கிண்டியில் மின்ரயிலை விட்டு மெட்ரோவுக்கு மாறுகிறேன். விமான நிலையத்திலிருந்து விம்கோ நகர் பக்கம் போகிற நீல வழித்தடத்தில் ஏறினால் வேறு எங்கும் மாறாமல் மண்ணடியில் இறங்கலாம். அங்கிருந்து ஆட்டோ பிடித்தாலும் அதிக தூரமில்லை. அந்தத் தெருக்களுக்குள் ஒரு முறை காரோடு நுழைந்து, திரும்பவும் முடியாமல் நிறுத்தவும் முடியாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்கிறேன். தாம்பரத்திலிருந்து மாம்பலத்துக்குச் சாதாரண மின்ரயிலில் இரண்டாம் வகுப்புக் கட்டணம் 10 ரூபாயைத் தாண்டுவதில்லை. மெட்ரோவில் அதிகபட்சக் கட்டணமே 50 ரூபாய். 2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்' செயலியில் மாநகரப் பேருந்து, மெட்ரோ, மின்ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் சீட்டு எடுக்க முடிவதால், எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமல் தடுமாறுகிற வெளியூர்க்காரருக்குப் பெரிய உதவியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மின்ரயில்கள் குறைவு என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மெட்ரோ நிலையங்களிலேயே கட்டண நிறுத்தம் இருக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். பகல் வேலைக்கு அது நல்ல ஏற்பாடு. ஆலந்தூரில் விட்டுப் போயிருக்கிறேன். ஆனால் தினமும் அலுவலகம் போகிற உள்ளூர்க்காரர்கள் காலையிலேயே இடத்தை நிறைத்துவிடுகிறார்கள். இரவிலும் வண்டி நிற்க வேண்டுமென்றால் அனுமதி உண்டா, கட்டணம் எவ்வளவு என்று நுழைவாயிலிலேயே கேட்டுக்கொள்வது அவசியம். கார் வேண்டாம், பேருந்தே போதும் என்கிறவர்கள், தென்பகுதிப் பேருந்துகள் இப்போது கோயம்பேட்டில் அல்லாமல் கிளாம்பாக்கத்தில் நிற்கின்றன என்பதை ஊர்ப் பெரியவர்களுக்கும் சொல்லி அனுப்ப வேண்டும். 2023 டிசம்பரில் அந்த முனையம் திறக்கப்பட்ட பிறகும் கோயம்பேடு என்றே நினைத்துக்கொண்டு போய் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

மழையைப் பற்றிக் கொங்கு நாட்டுக்காரர்களுக்கு அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். நமக்கு மழை என்றால் வாய்க்கால் நிறையும், காடு குளிரும் என்கிற மகிழ்ச்சிதான் முதலில் வரும். சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையின்போது வண்டியைத் தரைக்கு அடியில் உள்ள நிறுத்தத்தில் ஒருபோதும் விடக் கூடாது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியில் மக்கள் தங்கள் கார்களை மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்திக் காப்பாற்றினார்கள். உள்ளூர்க்காரருக்கு எந்தத் தெரு மேடு, எந்தத் தெரு பள்ளம் என்பது தெரியும், நமக்குத் தெரியாது. அந்த மாதங்களில் அறை எடுக்கும்போது, போன மழைக்கு இங்கே எவ்வளவு தண்ணீர் நின்றது என்று விடுதியில் மட்டும் கேட்காமல் எதிரே உள்ள டீக்கடையிலும் கேட்கிறேன்.

காரை நகருக்குள் எடுத்தே ஆக வேண்டிய நேரங்களும் உண்டு. விடியற்கால முகூர்த்தத்துக்கு மெட்ரோ உதவாது. முதல் வண்டியே ஏறத்தாழ 5 மணிக்குத்தான் கிளம்பும். அந்த வேளையில் சாலை வெறிச்சோடிக் கிடக்கும் என்பதால் காரிலேயே போய், 8 மணிக்குள் திரும்பிவிடுவது நல்லது. முழங்கால் வலியுள்ள என் அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போனபோது மட்டும் ரயில் வேண்டாம் என்று முடிவு செய்தேன். மெட்ரோவில் மின்தூக்கி இருக்கிறது. ஆனால் மின்ரயில் நிலையங்களில் நடைமேடை மாற ஏறி இறங்க வேண்டிய படிகளை நினைத்து, தாம்பரத்திலேயே காரை விட்டுவிட்டு வாடகைக் காரில் அழைத்துப்போனேன். "நம்ம காரு இருக்கையில வாடகைக் காரு எதுக்குங்கண்ணு?" என்று அம்மா வருத்தப்பட்டார். மருத்துவமனை வாசலில் அவரைத் தனியே உட்கார வைத்துவிட்டு நான் நிறுத்துமிடம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாக இருந்தது. மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணிக்காகப் பல சாலைகள் தோண்டப்பட்டிருப்பதால், நேற்றுப் போன வழி இன்று ஒருவழிப் பாதையாக மாறியிருப்பதும் உண்டு. உள்ளூர் ஓட்டுநருக்கு அது பழகிய ஒன்று.

பெங்களூருக்கும் இதே முறையைத் தொடங்கியிருக்கிறேன். ஓசூரைத் தாண்டியதும் வருகிற பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு வரை 19 கிலோமீட்டருக்கு மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டுவிட்டது. உறவினர் வீட்டு வாசலில் காரை விட்டுவிட்டு அதில் ஏறினால், சில்க் போர்டு சந்திப்பு நெரிசலை மேலிருந்து பார்த்தபடியே கடந்துவிடலாம். தொடங்கிய புதிதில் 25 நிமிடத்துக்கு ஒரு வண்டிதான் என்பதால் காத்திருக்க வேண்டியிருந்தது.

துணிக்கட்டு இல்லாத பயணமாக இருந்தால் காரை ஈரோட்டோடு நிறுத்திவிடுகிறேன். இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் விடியற்காலையில் சென்ட்ரல். வெளியே வந்தால் மெட்ரோவுக்கு இறங்குகிற படி அருகிலேயே இருக்கிறது.