ஜெபமாலை கேட்டா ஒரு மாதிரி பாக்காங்க (5க்கு 3 ஸ்டார்)

பாளையங்கோட்டைல ஒரு கிறிஸ்தவ புக் கடை, பேரு வேண்டாம். நான் ஆர்சி (கத்தோலிக்கம்), வீட்டுக்காரர் சிஎஸ்ஐ (புராட்டஸ்டண்ட் சபை), அதனால எங்க வீட்டுக்கு ரெண்டு பைபிள் வேணும், அவுக பைபிளுக்குள்ள 66 புத்தகம் எங்களுக்கு 73. அத்தைக்கு பழைய திருப்புதல் (அவுக வாசிக்கிற பழைய தமிழ் மொழிபெயர்ப்பு), பெரிய எழுத்து ஜிப் கவரோட கேட்டேன், உடனே எடுத்துக் குடுத்தாரு, பைண்டிங் நல்லா கெட்டியா இருக்கு, எழுத்தும் பளிச்சுனு தெரியுது. அடுத்து எனக்கு 1995ல வந்த பொது மொழிபெயர்ப்பு கேட்டேன் பாருங்க, அண்ணாச்சி மூஞ்சியே மாறிட்டு. "அதுல தள்ளுபடி ஆகமம்லாம் கெடக்குமே"ங்காரு, எங்க பைபிள்ல கூடுதலா இருக்க ஏழு புத்தகத்துக்கு அவுக சொல்ற பேரு அது. ரெண்டு சபைக்காரங்களும் சேந்து பண்ணுன மொழிபெயர்ப்புன்னு சொன்னேன், காதுலயே வாங்கல. ஜெபமாலைக்கு "சிலை ஐட்டம்லாம் வைக்கிறதில்லம்மா". மாலைக்கும் சிலைக்கும் என்னய்யா சம்பந்தம்??

எங்க ஆச்சியும் லேசுப்பட்டவ இல்ல, மாப்ள சிஎஸ்ஐன்னதும் "பதிதன் வீடா"ன்னுதான் மொதல்ல கேட்டா, சபைய விட்டு வெலகிப் போனவன்னு அர்த்தம், கல்யாணம் எங்க கோயில்லயா அவுக சர்ச்லயான்னு ரெண்டு மாசம் சண்ட வேற.

சரக்குக்கு மூணு ஸ்டார். தள்ளுபடி ஆகமத்த பத்தி அவ்வளவு பேசுன மனுசன் பில்லுல பத்து ரூவா தள்ளுபடி பண்ணல.