ஸ்கைரிம் சீஸ்: ராட்சதனின் கிண்ணத்தில் இருப்பது யாருடைய பால்?

ஸ்கைரிமில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் மேசையில் சீஸ் இருக்கும். துண்டுகள் மட்டுமில்லை, சல்லடை அளவுக்கு முழு வட்டமாகவே வைத்திருப்பார்கள். நான் இந்த கேமை முதன்முதலில் விளையாடியது 2022இல், இங்கே இலங்கை மலைநாட்டு அக்கரப்பத்தனையில் கடை கடையாக ஏறி இறங்கினாலும் ஒரு பெக்கட் பால்மா கிடைக்காத மாதங்களில். கரண்ட் இருக்கிற நேரத்தில் லேப்டொப்பை சார்ஜ் போட்டு வைத்து, கரண்ட் போன பிறகு பேட்டரி தாங்குகிற வரைக்கும் விளையாடுவேன். பக்கத்தில் வெறுந்தேத்தண்ணி, திரையில் மலை மலையாக சீஸ். டிராகன் வந்து கத்தும், நான் யாரோ ஒருவருடைய சமையலறையில் சீஸ் பொறுக்கிக்கொண்டிருப்பேன். இதுவரை மூன்று முறை முழுதாக விளையாடிவிட்டேன், மூன்றாவது முறை சாப்பாட்டை மட்டும் கவனித்து விளையாடினேன். அதைப் பற்றித்தான் இந்த விமர்சனம்.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசை 1994இல் தொடங்கியது, ஸ்கைரிம் வந்தது 2011 நவம்பர் 11. இந்த வரிசையில் சீஸுக்கு ஒரு தனி மரியாதை உண்டு, அதற்குக் காரணம் ஷியோகொரத். பைத்தியத்துக்கு அதிபதியான தெய்வம் அவன், பேச்சுக்குப் பேச்சு சீஸைப் பற்றித்தான் வரும். ரசிகர்கள் அவனைக் கொண்டாடுவார்கள். எனக்கு அவனைப் பிடிக்காமல் போனது முந்தைய கேமான ஒப்லிவியனில்தான். 2006இல் வந்த அந்த கேம் 2025 ஏப்ரலில் மெருகேறி மறுபடியும் வந்ததே, அது. அதில் அவன் ஒரு வேலை கொடுப்பான். ஒரு சின்ன கிராமம், பாவப்பட்ட சனங்கள். அங்கே கிடைக்கிற ஒல்ராய் என்கிற நாற்றமடிக்கும் சீஸை வெளியே இருக்கும் சமையல் பானையில் போட வேண்டும், வாடைக்கு எலிகள் கூட்டமாக வரும், சனங்கள் பயந்துபோய் எலிமருந்து வைப்பார்கள். அந்த மருந்தை எடுத்து நாம் அவர்களுடைய செம்மறி ஆடுகளின் தீனித் தொட்டியில் கலக்க வேண்டும். எல்லாரும் சிரித்துக்கொண்டே செய்கிற வேலை இது. நான் தொட்டி வரைக்கும் போனேன், கலக்கவில்லை. அந்தப் பணி இன்னும் என் பட்டியலில் முடியாமலே கிடக்கிறது, அப்படியே கிடக்கட்டும்.

சரி, ஸ்கைரிம் சீஸுக்கு வருவோம். ஐடார் சீஸ், ஆட்டுப்பால் சீஸ், இரண்டும்தான் அதிகம் கிடைக்கும், மூன்றாவதாக மாமத் யானைப் பால் சீஸ். உணவாகப் பார்த்தால் முதல் இரண்டும் சுமார்தான். சண்டைக்கு நடுவில் மெனுவைத் திறந்தால் உலகமே நின்றுவிடும், டிராகனின் நெருப்பு முகத்துக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருக்க, இருபது முழு சீஸை ஒன்றன்பின் ஒன்றாக விழுங்கலாம், ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் உயிர் ஏறும். பசியும் கிடையாது, வயிறும் கிடையாது. மாடு இருக்கும், பால் கறக்க முடியாது. 2012இல் வந்த ஹார்த்ஃபயர் விரிவாக்கத்தில் சொந்தமாக வீடு கட்டி, மாடும் வளர்த்து, பால் குடமும் வெண்ணெயும் வாங்கலாம் என்று வந்தது, அப்போதும் சீஸ் செய்ய வழி வைக்கவில்லை. இவ்வளவு சீஸையும் யார் செய்கிறார்கள், எங்கே பால் உறைகிறது, என்றைக்கும் கண்ணில் காட்டவில்லை. நான் மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் வளர்ந்த ஆள், எனக்கு இது பெரிய குறை.

மாமத் சீஸ் மட்டும் வேறு கதை.

கேமில் வைட்ரன் என்கிற நகரத்தைச் சுற்றி இருக்கிற புல்வெளியைப் பார்த்தால் எனக்கு அம்பேவெலப் பக்கம்தான் ஞாபகம் வரும், அதே பனிமூட்டம், அதே காற்று. அங்கே ராட்சதர்கள் மாமத்துகளை மேய்த்துக்கொண்டு திரிவார்கள். யாரையும் தேடி வந்து அடிக்க மாட்டார்கள், நீங்கள் கிட்டப் போனால் முதலில் எச்சரிப்பார்கள், அதையும் மீறிப் போனால் ஒரே அடியில் ஆகாயத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அவர்களுடைய முகாமில் நடுவில் பெரிய நெருப்பு, சுற்றிலும் எலும்பு, ஒரு பெட்டி, அப்புறம் கிண்ணத்தில் சீஸ். மூன்றாவது விளையாட்டில் ஒரு நாள் இரவு குனிந்து குனிந்து அந்தக் கிண்ணம் வரைக்கும் போய்விட்டேன். ராட்சதன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கிண்ணத்தின் மேல் பார்வையை வைத்ததும் எழுத்து வந்தது, வெள்ளை எழுத்து.

விளையாடாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஸ்கைரிமில் ஒரு சத்திரத்து மேசையில் இருக்கும் சீஸ் துண்டைத் தொடப் போனால் "திருடு" என்று சிவப்பில் வரும். யாராவது பார்த்துவிட்டால் காவல்காரன் வருவான், அபராதம், சிறை. ஒரு கோழியை வெட்டினாலே ஊரே திரண்டு அடிக்க வரும். ஆனால் ராட்சதனுடைய சீஸுக்கு சிவப்பு எழுத்து கிடையாது. அவனே மேய்த்து, கறந்து, உறைய வைத்து, கிண்ணத்தில் ஊற்றி வைத்தது, எடுத்தால் திருட்டில்லை, கிடைத்த பொருள். அந்த முழு நாட்டிலும் பாலில் இருந்து சீஸ் வரைக்கும் தானே பார்த்துக்கொள்கிற ஆள் என்று நம் கண்ணுக்குத் தெரிகிறவன் அவன் ஒருவன்தான், அவனுக்குத்தான் எதுவும் சொந்தமில்லை. நகரத்துப் பாஷை பேசத் தெரியாது, அவ்வளவுதான் காரணம்.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறைத்தது என்றால், எங்கள் லயத்துக்கு, அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் அப்பாயி ஒரு மாடு வைத்திருந்தார், லெச்சுமி என்று பேர். கொட்டில் இருந்தது தோட்டத்து நிலம், புல் அறுத்தது தோட்டத்து நிலம், நாங்கள் படுத்து எழும்பிய காம்பராவும் தோட்டத்துடையது. நான்கு தலைமுறை ஆயிற்று, எங்கள் கையில் உறுதி என்று ஒரு காகிதம் கிடையாது. ஒரு முறை கொட்டிலைப் பிரிக்கச் சொல்லி ஆள் வந்தபோது, அப்பாயி மாட்டின் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். அது எங்களுடைய மாடு, எங்களுடைய பால் என்பது எங்களுக்குத் தெரியும், எந்தக் காகிதத்துக்கும் தெரியாது. அந்த வெள்ளை எழுத்தைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கயிறுதான் ஞாபகம் வந்தது. கிண்ணத்தை எடுக்காமல் வந்த வழியே குனிந்து திரும்பிவிட்டேன்.

இதே கேமில் இன்னொன்றும் இருக்கிறது, நிறையப் பேர் கவனிக்காமல் கடந்துபோகிற விஷயம். சில மாடுகளின் உடம்பில் கோலம் மாதிரி வண்ணம் தீட்டியிருப்பார்கள். விவசாயி ஒருவன் அப்படி ஒரு மாட்டை ஓட்டிக்கொண்டு வழியில் வருவான், கேட்டால் ராட்சதர்களுக்குக் காணிக்கை என்பான், கொடுத்துவிட்டால் பண்ணைப் பக்கம் வர மாட்டார்களாம். நாங்கள் மாட்டுக்குக் கொம்பில் வண்ணம் பூசி, பொட்டு வைத்து, மாலை போடுவது மாட்டுப் பொங்கலுக்கு, அதனால் அந்த மாட்டைப் பார்த்ததும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. எங்கே போகிறது என்று தெரிந்ததும் மனசு கேட்கவில்லை. ஆனாலும் யோசித்துப் பார்த்தால், ஸ்டோரில், அதாவது தேயிலை ஃபெக்டரியில், ரோதைமுனி என்கிற தெய்வத்துக்குக் கிடா வெட்டுகிற ஊரில் இருந்துகொண்டு அந்த விவசாயியைக் குறை சொல்ல என்னால் முடியாது. பயமும் மரியாதையும் கலந்த ஒரு ஏற்பாடு அது. எழுதி வைத்த சட்டத்தில் ராட்சதனுக்கு இடமில்லை, அந்த விவசாயி மட்டும் அவனைப் பக்கத்து வீட்டுக்காரனாக மதிக்கிறான்.

அதனால் மூன்றாவது விளையாட்டுக்கு நானே சில விதி வைத்துக்கொண்டேன். இறைச்சி வேண்டாம், சிவப்பு எழுத்தைத் தொடக் கூடாது, ராட்சதன் முகாமில் எதையும் எடுக்கக் கூடாது, மாமத்தைக் கொல்லக் கூடாது. சீஸ் வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்க வேண்டும். கூடவே, 2021இல் ஸ்பெஷல் எடிஷன் வைத்திருந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்களே சர்வைவல் மோட், அதையும் போட்டுக்கொண்டேன். அதில் பசி உண்டு, குளிர் உண்டு, உயிர் தானாக ஏறாது. விளையாட்டே மாறிவிட்டது. சாப்பாடு என்பது மெனுவில் இருக்கிற படமாக இல்லாமல் உண்மையிலேயே தேவைப்படுகிற பொருளாக ஆனது.

அப்போதுதான் மரக்கறி சூப்பைக் கண்டுபிடித்தேன். கோவா, லீக்ஸ், உருளைக்கிழங்கு, தக்காளி, நான்கும் ஒவ்வொன்று, சமையல் பானையில் போட்டால் சூப். குடித்தால் 720 விநாடிக்கு, அதாவது 12 நிமிடத்துக்கு, விநாடிக்கு ஒன்று என்ற கணக்கில் உயிரும் தெம்பும் ஏறிக்கொண்டே இருக்கும். தெம்பு முழுதாக வற்றாததால் பலமான வெட்டை விடாமல் வெட்டிக்கொண்டே போகலாம், இருபது சீஸ் வட்டம் விழுங்கினாலும் இது கிடைக்காது. சர்வைவல் மோடில் சூடான சூப் குளிரையும் விரட்டும். இந்த கேமில் இருக்கிற சாப்பாட்டில் முதல் இடம் இதற்குத்தான் கொடுப்பேன். அதுவும் பாருங்கள், கோவா, லீக்ஸ், உருளைக்கிழங்கு மூன்றும் நுவரெலியாவில் இருந்து லொறியில் தினமும் இறங்குகிற மரக்கறி, தக்காளிக்கு வெலிமடை. யாரோ எங்கள் சந்தையைப் பார்த்துவிட்டுப் போய் எழுதின மாதிரி இருந்தது எனக்கு.

சீஸில் மதிப்புள்ள சமையல் என்றால் எல்ஸ்வேர் ஃபொண்டூ என்கிற உருக்கின சீஸ் ஒன்றுதான். ஒரு முழு ஐடார், ஒரு ஏல் (பியர் மாதிரி ஒரு மது), கொஞ்சம் நிலாச்சர்க்கரை. மந்திர சக்தி 100 கூடும், இதுவும் 720 விநாடிக்கு நிற்கும். மந்திரவாதியாக விளையாடினால் நல்ல சாப்பாடு, ஆனால் நிலாச்சர்க்கரை தடைசெய்த சரக்கு, அதில் இருந்துதான் ஸ்கூமா என்கிற போதை காய்ச்சுகிறார்கள். நான் ஒரு முறை செய்து பார்த்ததோடு விட்டுவிட்டேன்.

விளையாட்டில் இப்படிக் கேள்வி கேட்கப் பழகினால் கடையிலும் கேட்க வரும். போன தைப்பூசத்துக்கு விரதம், அப்பாயிக்கு சூப்பில் சீஸ் போட்டுக் காட்ட ஆசைப்பட்டு டவுனில் ஒரு கடைக்குப் போனேன். வெளிநாட்டு சீஸ் பெக்கட்டைத் திருப்பிப் பார்த்தால் பால், உப்பு, அப்புறம் "என்சைம்" என்று மட்டும் போட்டிருந்தது. என்ன என்சைம் என்று கேட்டேன். "சீஸ்னா பால்தானே மிஸ், சைவம்தான்" என்றார் கடைக்காரர். அது எப்போதும் உண்மையில்லை. பாலை உறைய வைக்கிற ரெனட் என்பது பழைய முறையில் பால்குடி மறக்காத கன்றின் நான்காவது இரைப்பையில் இருந்து எடுக்கிறது. இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோவுக்கு இன்றும் கன்றின் ரெனட்தான் போட வேண்டும், அது விதி. பூஞ்சையில் இருந்து எடுக்கிற ரெனட்டும் இருக்கிறது, நுண்ணுயிரில் வளர்த்து எடுக்கிறதும் இருக்கிறது, அதற்கு அமெரிக்கா 1990இலேயே அனுமதி கொடுத்துவிட்டது. ஆக சைவமான சீஸ் தாராளமாக உண்டு, எது என்று எழுதினால் போதும். இந்தியச் சாமான்களில் பச்சைப் புள்ளி இருக்கும், ஒரு பார்வையில் தெரிந்துவிடும். இந்த பெக்கட்டில் அப்படி எதுவும் இல்லை, திருப்பி வைத்துவிட்டேன்.

அப்பாயியிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "ஏன் புள்ள, குடிக்கிற பாலை உறைய வைக்க, பால் குடிக்கிற கன்னையா கொல்லணும்?" என்றார். லெச்சுமி இருந்தபோது ரெண்டு காம்பு கன்னுக்கு, ரெண்டு காம்பு நமக்கு என்பது அவர் வைத்திருந்த கணக்கு, பால் சென்டரில் அளவு குறைந்தாலும் அதை மாற்றவில்லை. ஆனால் லெச்சுமி காளைக்கன்று போட்ட வருஷம், அதைத் தரகர் வந்து கூட்டிக்கொண்டு போனார். அப்பாயி அன்றைக்கு அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. எங்கே கொண்டுபோகிறார்கள் என்று கேட்கவும் இல்லை, தெரியும் அவருக்கு. நான் பால் குடிப்பதை நிறுத்தவில்லை, நிறுத்தப் போவதாகவும் சொல்லவில்லை. அந்தக் கன்றை மறந்துவிட்டு ஒரு கணக்குப் போட எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

கடைசியில் கீழ் லயத்தில் மாடு வைத்திருக்கிற அக்காவிடம் இரண்டு லீட்டர் பால் வாங்கினோம். கொதித்து எழும்பும்போது அப்பாயி தேசிக்காயைப் பிழிந்தார், முதலில் ஒன்றும் நடக்கவில்லை, இன்னும் அரைக்காய் பிழிந்ததும் இளம்பச்சை நிறத் தண்ணீர் தனியாக, வெள்ளைக் கட்டி தனியாகப் பிரிந்தது. பழைய வேட்டித் துணியில் வடித்து, முடிச்சுப் போட்டு, அம்மிக்குழவியை மேலே வைத்து ஒரு மணி நேரம் அழுத்தினோம். உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் நிறைகிற அளவு கட்டி, 350 கிராம் இருக்கும். பிரிந்த தண்ணீரையும் ஊற்றவில்லை, ரொட்டிக்கு மா பிசைந்தோம். அதைத் துண்டு போட்டு லீக்ஸும் கோவாவும் வெந்த சூப்பில் கடைசியில் போட்டால் உருகாது, மெல்லும்போது பல்லில் கீச்சென்று சத்தம் வரும், தேசிக்காய் வாசனை லேசாக இருக்கும். அப்பாயி இரண்டாவது தரம் கேட்டு வாங்கினார்.

கேமைப் பொறுத்தவரை, இன்றைக்கும் வாங்கலாம், பழைய லேப்டொப்பிலும் ஓடும், இரவு டேட்டாவில் இறக்கிக்கொள்ளுங்கள். சர்வைவல் மோட் போட்டு விளையாடுங்கள். வைட்ரன் சந்தையில் மரக்கறி விற்கிற பெண்ணிடம் அன்றைக்கு இருப்பதை வாங்கிக்கொண்டு சமையல் பானை எங்கே இருக்கிறது என்று பாருங்கள், சூப்பைக் குடித்துவிட்டுப் புல்வெளிப் பக்கம் போங்கள். ராட்சதன் முகாமுக்கு வெளியே கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால், அவன் மாமத்துக்குப் பின்னாலேயே மெதுவாக நடந்து வருவான், இருட்டினதும் நெருப்பு பக்கம் போய் நிற்பான். அந்தத் தூரத்தில் நின்றால் ஒன்றும் செய்ய மாட்டான்.